வேலைக்குப் படித்தவள்

சட்டத்தின் எந்தப் பிரிவை வாசித்துக் காட்டினாலும் அக்கா முதலில் கேட்பது ஒன்றைத்தான். "இது யாருக்கு, பிள்ள?"

எல்லாக் குடிமக்களுக்கும் என்று சொன்னால் ஏற்க மாட்டாள். "எல்லாரும்னா யாரு? ஒரு ஆளச் சொல்லு." நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும். பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொள்வாள். தகவல் உரிமைச் சட்டத்துக்கு எதிரே 'தண்ணி டேங்க் கருப்பையா'. மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரே 'பால்கார மாமா மகள்'. மனித உரிமை ஆணையத்தின் அதிகாரங்களைப் பற்றிய பக்கத்தில் மட்டும் வெகுநாள் ஒரு கேள்விக்குறி இருந்தது. ஆள் கிடைக்கும்வரை அந்தப் பக்கம் மண்டையில் ஏறாது என்பாள்.

சின்னமனூரில் நூலகத்து மாடியில் நாங்கள் ஐந்து பேர் ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். நான் அந்த ஊர் உரக்கடைக்காரர் மகள். எனக்கு அந்தத் தேர்வு எதற்கு என்பதை இப்போது மறைக்காமல் சொல்லலாம். எங்கள் கடைக்கு ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் பார்த்ததும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்த வேகம் எனக்குள் பதிந்திருந்தது. எல்லாரும் எனக்கும் அப்படி எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை, கோம்பையிலிருந்து வருவாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். வாரத்தில் மூன்று நாள் நூலகம், மூன்று நாள் ஏலத்தோட்டம். விடிந்தும் விடியாமலும் தொழிலாளர் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே கேரளப் பக்கம் போய், காய் பறித்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவாள். அஞ்சல் வழியில் வாங்கிய பட்டம் அந்த ஜீப்பில் படித்து வாங்கியதுதான். மலை மழையில் நனையாமல் இருக்க நோட்டுகளை எங்கள் கடை உரச்சாக்கின் உள்பையில் சுற்றி வைத்திருப்பாள். நூலகத்தில் அதைப் பிரித்தால் ஏலக்காய் வாசம் வரும்.

எங்களில் மூத்தவர் மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர். ஏழு வருடமாகத் தேர்வு எழுதியவர். நேரம் பார்த்துக் கேள்வித்தாள் கொடுப்பதும் திருத்துவதும் அவர் வேலை. அவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார், "ஏம்மா, சட்டத்த ஆள் ஆளா வச்சுப் படிச்சா உனக்கு நாலு பிறவி வேணும்."

அக்கா சிரித்தாள். "நீங்கள்லாம் பரீட்சைக்குப் படிக்கிறீக அண்ணே. நான் வேலைக்குப் படிக்கிறேன்."

அது வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் அன்று நினைத்தேன். சில நாள் கழித்து, பெண் தொழிலாளர்களின் பிரச்சினைகள் பற்றி நான் ஒரு விடை எழுதியிருந்தேன். தலைப்பு, துணைத்தலைப்பு, அடிக்கோடு எல்லாம் போட்டு இரண்டரைப் பக்கம். மார்க்கையன்கோட்டைக்காரர் மெச்சிக்கொண்டு அதை அக்காவிடம் கொடுத்தார். அவள் முழுக்கப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லாருக்கு பிள்ள. இதுல ஒண்ணுக்குப் போக எடம் எங்க இருக்கு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. மார்க்கையன்கோட்டைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க ஜீப்புல பதினாலு பேரு. காலைல ஏறுனா சாயங்காலம் எறங்குற வரைக்கும் பாதிப் பேரு பொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. ஏன்னு நெனக்கிற? தோட்டத்துல அதுக்கு மறைவு கெடையாது. அதான் எல்லாத்துக்கும் இடுப்பு வலி, நீர்க்கடுப்பு. இத எழுதாம பெண் தொழிலாளர்னு எழுதி என்ன?"

அங்கேயே உட்கார்ந்து அவளும் ஒரு விடை எழுதினாள். தலைப்பே இல்லை. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது, யார் உத்தரவு போடலாம், போட்ட பிறகு யார் எத்தனை நாளைக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுவரை இருந்தது. ஆனால் நேரம் தாண்டிவிட்டது. ஒரு விடைக்கே முக்கால் மணி நேரம். அவளுடைய வியாதி அதுதான். அதற்கு மருந்து என்னிடம் இருந்தது. குறித்த நிமிடத்துக்குள் எழுதப் பழக்குவது நான், எழுதுவதற்கு விஷயம் சொல்வது அவள் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்து, நேரம் முடிந்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவேன். "எழுத விடு பாதகத்தி" என்று கெஞ்சுவாள். விட மாட்டேன்.

முதல்நிலைத் தேர்விலேயே அவள் மூன்று முறை தோற்றாள். மூன்றாவது முறை ஒன்றரைக் கேள்வி வித்தியாசம். நான் தோற்றபோது பத்து நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அவள் மறுநாளே ஜீப்பில் ஏறிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, பார்க்கக் கோம்பைக்குப் போனேன். அவள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அவளுடைய அம்மாதான் இருந்தார்.

"நீயாச்சும் சொல்லு ஆத்தா. வீட்டுக்கு ரெண்டு பேரு தினம் வாராக, அந்த மனு எழுதிக் குடு, இந்தப் பாரத்தப் பூர்த்தி பண்ணிக் குடுன்னு. இவளும் எழுதிக் குடுக்கா. ஊர்ல இருக்கவுகளுக்கெல்லாம் வேல நடக்குது. இவளுக்கு ஒண்ணும் நடக்கல. முப்பத்தொண்ணு ஆச்சு. பொண்ணு பாக்க வந்தவுகள வாசல்ல வச்சே, நீங்க நெலத்துக்குப் பட்டா மாத்திட்டீகளான்னு கேக்கா."

அக்கா வந்ததும் நான் கண்டிப்பாகவே பேசினேன். அடுத்த முறை தேர்வு முடியும்வரை யாருக்கும் எதுவும் எழுதித் தரக் கூடாது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி பிள்ள" என்றாள். சொன்னபடி இருக்கவும் செய்தாள். தேடி வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினாள். நான்காவது முறை முதல்நிலையில் தேறினாள். நான் தேறவில்லை. பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளுக்குக் கடிகாரம் வைப்பதை நிறுத்தவில்லை.

முதன்மைத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒருநாள் நூலகத்துக்கு அவள் தாமதமாக வந்தாள். நோட்டைப் பிரிக்கவில்லை.

"பேச்சியம்மாவ ஒனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தாள். "எங்க ஜீப்புல எம் பக்கத்துல ஒக்காரும். மூணு வருசமா ஒரே எடத்துல ஒக்காந்து வாரோம். நேத்துதான் எங்கிட்ட வாயத் தொறந்துச்சு."

பேச்சியம்மாவின் புருசனும் தோட்டத் தொழிலாளி. மூன்று வருடத்துக்கு முன் மலைமேல் வேலை செய்துகொண்டிருக்கும்போது நெஞ்சுவலி வந்து செத்துப்போனார். உடம்பை அன்றே கோம்பைக்குக் கொண்டுவந்து எரித்துவிட்டார்கள். இறப்பைப் பதிவு செய்யக் கீழே கேட்டால், செத்தது கேரளத்தில், அங்கே போ என்றார்கள். மேலே கேட்டால், எரித்தது தமிழ்நாட்டில், எங்களிடம் கணக்கில்லை என்றார்கள். இறப்புச் சான்றிதழ் இல்லை. அதனால் விதவை உதவித்தொகை இல்லை. வீட்டுப் பட்டாவை மாற்ற முடியவில்லை. ரேஷன் அட்டையில் இன்னும் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

"அதுகூடப் பரவால்ல பிள்ள. போன வாரம் ஒரு ஆபீசுல, உம் புருசன் நெசமாச் செத்துட்டாரா, இல்ல யாரு கூடயாச்சும் ஓடிப் போயிட்டாரான்னு கேட்டுருக்காக. எல்லாரும் சிரிச்சிருக்காக. அதச் சொல்லிட்டு அந்தம்மா வேற பேசவே இல்ல. அட்டப்பூச்சி கடிச்ச எடத்த பாத்துக்கிட்டே வந்துச்சு."

என்னிடம் கொடுத்த வாக்கிலிருந்து அவளை விடுவிக்கச் சொல்லித்தான் வந்திருக்கிறாள் என்பது புரிந்தது. நான் கோபமாக இருந்தேன். "ரெண்டு மாசம்க்கா. மூணு வருசம் பொறுத்தவுக ரெண்டு மாசம் பொறுக்க மாட்டாகளா?"

"பொறுப்பாக. அவுக பொறுப்பாகன்னுதான் எல்லாரும் அவுகளப் பொறுக்க வச்சிருக்காக."

நான் சட்டப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

சட்டம் தெளிவாகவே இருந்தது. எங்கே செத்தாரோ அங்கேதான் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் அந்தப் பகுதியின் கோட்டாட்சியர் விசாரித்து உத்தரவு போட வேண்டும். ஆனால் அங்கேதான் செத்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். தோட்டத்தில் எழுதிக்கொடுக்கப் பயந்தார்கள். அக்கா ஜீப் டிரைவர் பாண்டியைப் பிடித்தாள். அன்றைக்கு உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். வந்த வழியையெல்லாம் ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லச் சொன்னாள். பாதி சொல்லும்போது அவருக்கு ஞாபகம் வந்தது. உயிர் இருக்குமோ என்ற ஆசையில், மேலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு டாக்டரம்மா வெளியே வந்து, ஜீப்பிலேயே கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஏதோ எழுதியிருக்கிறார்.

"என்னத்த எழுதுனாக?"

"யாருக்குத் தெரியும் பிள்ள. நாங்க அழுதுக்கிட்டு இருந்தோம்."

மறுநாள் காய் பறிக்கப் போகாமல் அக்கா அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோட்டத்தில் பழகிய மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பழைய பதிவேடுகள் அடுக்கியிருந்த அறையில் நாள் முழுக்கத் தேடினார்களாம். சாயங்காலம் அந்தப் பக்கம் கிடைத்தது. பெயர், ஊர், நேரம், 'கொண்டுவரும்போதே உயிர் இல்லை' என்ற ஒரு வரி. நகல் வாங்கி மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தபோதுதான் எங்களுக்கு இடி விழுந்தது.

முதன்மைத் தேர்வு சென்னையில். வெள்ளி, சனி, ஞாயிறு எழுதிவிட்டு, அடுத்த சனியும் ஞாயிறும் மீதித் தாள்களை எழுத வேண்டும். நடுவில் இருக்கிற ஐந்து நாள் பொன் போன்றது. விசாரணை அந்தப் புதன்கிழமை.

"நான் பேச்சியம்மாவக் கூட்டிட்டுப் போறேன்க்கா. நீங்க சென்னையிலயே இருங்க" என்றேன்.

"நீ போ. நானும் வாரேன். ஒனக்கு மலையாளம் வராது. அந்தம்மாவுக்கு வாயே வராது."

ஞாயிற்றுக்கிழமை தேர்வு முடிந்து ஊருக்கு வந்தாள். புதன்கிழமை காலையில் பாண்டி அண்ணன் ஜீப்பில் நாங்கள் நான்கு பேரும் மலையேறினோம். அக்கா வழியெல்லாம் படித்துக்கொண்டுதான் வந்தாள். பேச்சியம்மா அவளுடைய நோட்டு ஆடாமல் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோட்டாட்சியருக்கு நடுவயது. கோப்பைப் புரட்டிக்கொண்டே மலையாளத்தில் கேட்டார், "இத்ர நாள் எந்தா வராஞ்ஞது?" இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று. அக்கா மலையாளத்திலேயே பதில் சொன்னாள். வந்தார்கள், இரண்டு பக்கமும் போனார்கள், யாரும் மனுவைக் கையில் வாங்கவில்லை. குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. பதிவேட்டு நகலை எடுத்து வைத்தாள். பாண்டி அண்ணன் சாட்சி சொன்னார். பிறகு அதிகாரி கோப்பை மூடிவிட்டு, பேச்சியம்மாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார், "நீங்க சொல்லுங்கம்மா. அன்னைக்கு என்ன நடந்தது?"

பேச்சியம்மாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. எடுத்துக்கொடுக்க நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்தினாள். அவள் காத்திருந்தாள், அதிகாரியும் காத்திருந்தார்.

"எனக்கு முன்னாடி வரிசையில காய் எடுத்துக்கிட்டு இருந்தாக" என்றார் பேச்சியம்மா. "திரும்பிப் பாத்தாக. தண்ணி இருக்கான்னு கேட்டாக. நான் போத்தல எடுத்துட்டு வாரதுக்குள்ள சாஞ்சுட்டாக. எங்கயும் ஓடிப் போகல அய்யா. எங் கண்ணு முன்னாடிதான் போனாக."

அதிகாரி தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். பதிவு செய்யச் சொல்லும் உத்தரவு அன்று மதியமே கையில் கிடைத்தது. பேச்சியம்மா அதைப் பைக்குள் வைக்கவில்லை. கம்பம் வந்து சேரும்வரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் அக்கா கம்பத்திலேயே சென்னை பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலுக்குக் கீழே நின்று நான் கேட்டேன், "மிச்சத்த எப்பப் படிப்பீக?"

"படிச்சது போதும். தூங்கிட்டுப் போயி எழுதுறேன்" என்றாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

தேர்வு முடிவு வந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது, மார்க்கையன்கோட்டைக்காரர் தன் நோட்டுகள் எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கோம்பைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். டெல்லிக்கு அவள் ஒண்டியாகத்தான் போனாள். திரும்பி வந்ததும் நாங்கள் நான்கு பேரும் மாடியில் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"என்னக்கா கேட்டாக?"

"கோம்பை நாயப் பத்திக் கேட்டாக."

அந்த ஊர்ப் பெயரில் உள்ள வேட்டை நாய் இனம் அது. நாங்கள் நம்பவில்லை. "நெசமாத்தான். கோம்பையான்னு கேட்டுட்டு ஒருத்தர் சிரிச்சாரு. எங்க தெருவுல இப்ப ஒண்ணுகூடக் கெடையாதுங்கய்யா, வெளியூர்க்காரக வந்து குட்டி வாங்கிட்டுப் போறாக, எங்களுக்கு அதுக்குச் சோறு போட முடியலைன்னேன். அப்பறம் முல்லைப் பெரியாறு. மூணு கேள்விக்குத் தெரியாதுன்னுட்டேன்."

"பேச்சியம்மா விஷயத்தச் சொன்னீகளா?"

"இல்ல."

"நீங்க செஞ்சதுலயே பெரிசு அதுதானக்கா. மக்கள் சேவையப் பத்திக் கேட்டுருப்பாகளே?"

"கேட்டாக. நான் என்ன செய்யணும்னு நெனக்கிறேங்கிறதச் சொன்னேன்." என் பக்கம் திரும்பினாள். "அது அந்தம்மாவோட கத பிள்ள. அத வித்து நான் மார்க்கு வாங்குறதா?"

எனக்குள் நெடுநாளாக இருந்த அந்த நாற்காலி ஆசை அன்றைக்குத்தான் என்னை விட்டுப் போனது என்று நினைக்கிறேன். நான் பிறகு தேர்வு எழுதவில்லை. இப்போது உரக்கடையை நான்தான் நடத்துகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவளுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று எனக்காக வேண்டிக்கொண்டதைவிட அதிகமாக வேண்டிக்கொண்டேன்.

கடைசி முடிவு வந்தது ஒரு கோடை மதியம். கடையில் இருந்தேன். மார்க்கையன்கோட்டைக்காரர் போன் செய்தார். "பட்டியலப் பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பார்த்தேன். பெயர் இருந்தது. பதிவு எண்ணைச் சரிபார்த்தேன். மறுபடி பார்த்தேன். தரவரிசையில் ஆட்சிப்பணியே கிடைக்கிற இடம்.

அவளுக்குப் போன் போகவில்லை. மலையில் சிக்னல் கிடையாது. அன்றும் அவள் வேலைக்குப் போயிருந்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு கோம்பைக்குப் போனேன். அவளுடைய அம்மா முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

"நீ அவகிட்டச் சொல்லாத ஆத்தா. நான் சொல்லணும்."

கையைக்கூடக் கழுவாமல் என்னோடு ஜீப் நிற்கும் இடத்துக்கு நடந்து வந்தார். அஞ்சு மணிக்குப் பாண்டி அண்ணனின் ஜீப் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அக்கா கடைசியில். இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். தலையில் ஏல இலைத் துணுக்குகள். அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கன்னத்தில் புளி ஒட்டியது. அவருக்குப் பேச்சு வரவில்லை.

அக்கா அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "நம்பரப் பாத்தியா பிள்ள?"

"மூணு தடவ பாத்தேன்க்கா."

ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் புரிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கன்னத்தை வழித்தாள், ஒருத்தி அழுதாள். பிறகு, யாரும் சொல்லாமலே எல்லாரும் அரை அடி பின்னால் நகர்ந்தார்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். அவர்களில் வயதில் மூத்த வெள்ளத்தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார், "இனிமே ஒங்கள நாங்க எப்படிக் கூப்புடணும்?"

அக்காவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. எழுந்து நின்றாள்.

"காலைல எனக்கு எடம் புடிச்சு வச்சுட்டு என்ன சொல்லிக் கூப்ட்டீக?"

வெள்ளத்தாய் தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டார்.

"அதே பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

அப்போது பாண்டி அண்ணன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவள் பெயரைச் சத்தம் போட்டுச் சொன்னார். பின்னாலிருந்து பேச்சியம்மா சொன்னார். பிறகு வெள்ளத்தாய். அப்புறம் எல்லாரும். கம்பத்திலிருந்து வந்த பஸ் போக வழியில்லாமல் நின்றது. என்ன என்று கேட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு சொன்னார்கள். அக்கா வெட்கத்தில் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர்கள் நிறுத்தவில்லை.